உடலெங்கும் கடிகாரங்கள்

உங்கள் மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருக்கிறீர்களா? கட்டாவிட்டாலும் கவலையில்லை. உங்கள் உடலுக்குள் கோடானுகோடிக் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வெப்பமானியை எடுத்து ஒரே நாளில் பலமுறை உங்கள் உடல் வெப்பத்தை அளந்து பாருங்கள். நோய் ஏதும் இல்லாதபோதும் அது ஓர் அளவில் நிற்பதில்லை. பின்னிரவில் மிகவும் குறைந்தும், மாலையில் உயர்ந்தும் காணப்படும். வேறுபாடு ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ்தான்.

இந்தச் சிறிய ஏற்ற இறக்கம் உடற்கடிகாரத்தின் ஒரு விளைவு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அது வெறும் விளைவு மட்டுமன்று. உயிரணுக்களுக்கு நேரம் அறிவிக்கும் மணியோசையும் அதுவே என்று தெரியவந்தது அண்மைக் காலத்தில்தான். இந்த உண்மையை வெளிக்கொணர்ந்தவர்களில் முக்கியமான ஒருவர் சுவிட்சர்லாந்து நாட்டு உயிரியலார் உவேலி ஷிப்லர். அவர் கடிகாரத்தைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர் என்பதுதான் இக்கதையின் சுவை.

ஒரே ஒரு கடிகாரமா?

உயிர்களுக்கு நேரம் தெரியும் என்பது பழைய செய்தி. 1729ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் தெ மெராங், தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்தாலும் அது பகலில் இலைகளை விரித்து இரவில் மூடுவதைக் குறித்து வைத்தார். சூரியன் தெரியாத இடத்திலும் செடிக்குள் ஏதோ ஒன்று நாளைக் கணக்கிடுகிறது என்பதற்கு அதுவே முதற் சான்று.

பாலூட்டிகளில் இந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? 1972இல் அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுக்கள் எலிகளின் மூளையில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்துப் பார்த்தன. கண்களிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள இரு சிறு நரம்பு முடிச்சுகள் அவை. இரண்டும் சேர்ந்து சுமார் 20,000 நரம்பணுக்களே இருக்கும். அவற்றை இழந்த எலிகள் உறங்குவதிலும் ஓடுவதிலும் இருந்த நாள் ஒழுங்கை இழந்தன. 1990இல் வெள்ளெலிகளிடம் இன்னொரு சோதனை நடந்தது. ஒரு விலங்கின் இந்த முடிச்சை மற்றொன்றுக்கு மாற்றிப் பொருத்தியபோது, பெற்றுக்கொண்ட விலங்கு கொடுத்த விலங்கின் கால அளவையே பின்பற்றியது.

சான்று வலுவானது. எனவே, மூளையில் உள்ள இந்தக் கடிகாரமே அரசன், உடலின் மற்ற உறுப்புகள் அதன் ஆணைக்கு ஆடும் குடிகள் என்று பெரும்பாலோர் எண்ணினர். கல்லீரலுக்குத் தனியே ஒரு கடிகாரம் இருக்கும் என்று எதிர்பார்க்க அன்று காரணம் ஏதும் இல்லை.

'எங்கே?' என்று கேட்டவர்

ஷிப்லர் பெர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் பயிற்சி பெற்றார். பின்னர் தாய்நாடு திரும்பி லோசான் நகரில் பணியாற்றினார். 1984இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அன்று அவரை ஈர்த்த கேள்வி வேறு. நம் உடலின் எல்லா உயிரணுக்களிலும் ஏறக்குறைய அதே மரபணுக்கள்தாம் இருக்கின்றன. அப்படியிருக்க, இரத்தத்தில் மிகுதியாக உள்ள அல்புமின் என்னும் புரதத்தைக் கல்லீரல் மட்டும் ஏன் குவியல் குவியலாகச் செய்கிறது? மூளையோ தோலோ ஏன் செய்வதில்லை? மாவுப்பொருளைச் சிதைக்கும் அமைலேஸ் என்னும் நொதியின் மரபணு, உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கல்லீரலிலும் வேறுவேறு வலிமையுடன் இயங்குவதைப் பற்றியும் அவர் குழு முன்னரே ஆராய்ந்திருந்தது. சுருங்கச் சொன்னால், ஒரு மரபணு 'எங்கே' இயங்குகிறது என்பதே அவருடைய கேள்வி.

இதற்கு விடை தேடி அவர் குழுவினர் அல்புமின் மரபணுவின் முகப்பில் வந்து ஒட்டிக்கொண்டு அதை முடுக்கிவிடும் புரதங்களைத் தேடினர். அவற்றுள் ஒன்றுக்கு டி.பி.பி. என்று பெயரிட்டனர். இந்தப் புரதத்தின் அளவில் ஒரு விந்தை இருந்தது. கல்லீரலை எந்த நேரத்தில் எடுத்து ஆராய்கிறோமோ அதைப் பொறுத்து அளவு மாறியது. ஜெரோம் வ்வாரன் என்னும் இளம் ஆய்வாளரும் ஷிப்லரும் 1990இல் இதை வெளியிட்டார்கள். எலியின் கல்லீரலில் காலை வேளையில் இந்தப் புரதம் கண்ணுக்கே தட்டுப்படாத அளவில் இருக்கிறது. பிற்பகல் 2 மணி அளவில் ஏறத் தொடங்குகிறது. இரவு 8 மணிக்கு உச்சத்தைத் தொடுகிறது. நள்ளிரவைத் தாண்டும்போது சரசரவென்று சரிந்துவிடுகிறது. குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1,000 மடங்கு!

சற்றுச் சிந்தியுங்கள். காலையில் சோதனை செய்யும் ஒருவர் "கல்லீரலில் இந்தப் புரதம் இல்லை" என்பார். மாலையில் செய்யும் இன்னொருவர் "ஏராளமாக இருக்கிறது" என்பார். இருவரும் சொல்வது உண்மையே. ஆனால் நேரத்தைக் குறித்துக்கொள்ளாதவரையில் ஒருவரை ஒருவர் தவறு என்றுதான் நினைப்பார்கள். இத்தகைய முரண்பாட்டை அளவீட்டுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஷிப்லர் ஒதுக்கவில்லை. 'எங்கே' என்று கேட்ட கேள்விக்கு இயற்கை 'எப்போது' என்று விடை சொல்லியிருந்தது. அவர் தம் ஆய்வின் திசையையே மாற்றிக்கொண்டார்.

கிண்ணத்தில் ஓடிய கடிகாரம்

கல்லீரலின் இந்தத் தாளம் மூளையின் கட்டளையால் மட்டும் நடக்கிறதா, அல்லது உயிரணுவுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறதா? உடலிலிருந்து பிரித்தெடுத்த உயிரணுவைத் தனியே வளர்த்துப் பார்த்தால்தானே தெரியும்?

1998இல் ஷிப்லரின் ஆய்வுக்கூடத்தில் ஆவுரேலியோ பல்சலோப்ரே அதைச் செய்து பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டவை எலியின் இணைப்புத் திசுவிலிருந்து வந்த உயிரணுக்கள். பல ஆண்டுகளாக ஆய்வுக்கூடக் கிண்ணங்களிலேயே பெருகி வந்தவை. மூளையையோ பகல் வெளிச்சத்தையோ அறியாதவை. அவற்றின்மேல் செறிவு மிகுந்த குதிரைச் சீரத்தை, அதாவது இரத்தத்தின் உறையாத தெளிநீரை, 2 மணி நேரம் ஊற்றி வைத்துப் பிறகு மாற்றினார். அதன்பின் அந்த உயிரணுக்களில் கடிகார மரபணுக்கள் ஏறி இறங்கத் தொடங்கின. ஒரு சுற்றுக்குச் சராசரியாக 22.5 மணி நேரம். மூன்று நாள் தாளங்கள் வரை தொடர்ந்து அளக்க முடிந்தது. எந்த மரபணு முதலில், எது அடுத்து என்ற வரிசைகூட உயிருள்ள எலியில் இருப்பதைப் போலவே இருந்தது.

அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரு புரதங்கள் சேர்ந்து 'பெர்', 'கிரை' என்னும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து உண்டாகும் புரதங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து, உயிரணுவின் உட்கருவுக்குள் திரும்பி வந்து, தம்மை உண்டாக்கியவற்றையே தடுத்துவிடுகின்றன. உற்பத்தி நிற்கிறது. இருந்த புரதமும் சிதைந்து போகிறது. தடை நீங்கியதும் உற்பத்தி மறுபடி தொடங்குகிறது. இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இந்த அமைப்பைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர்.

சீரம் ஊற்றியது நின்றிருந்த கடிகாரங்களை ஓடச் செய்ததா? அல்லது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றை ஒரே நேரத்துக்குத் திருப்பியதா? ஓர் அரங்கில் ஆயிரம் பேர் அவரவர் விருப்பப்படி கைதட்டினால் நமக்குக் கேட்பது வெறும் இரைச்சல். எல்லாரும் ஒன்றாகத் தட்டும்போதுதான் தாளம் தெரியும். கடிகாரங்களும் அப்படித்தான் இருந்தனவா? 2004இல் எமி நகோஷியும் ஷிப்லர் குழுவினரும் ஒளிரும் புரதங்களின் உதவியால் தனித்தனி உயிரணுக்களைப் பார்த்தனர். ஒவ்வொன்றும் முன்பிருந்தே தனக்கென ஒரு தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சீரம் செய்ததெல்லாம் முட்களை ஒரே நேரத்துக்குத் திருப்பியதுதான். உயிரணு இரண்டாகப் பிளந்த பிறகும் சேய் அணுக்கள் தாயின் நேரத்தைத் தொடர்ந்தன.

முட்களைத் திருப்புவது எது?

அப்படியானால் அடுத்த கேள்வி எழுகிறது. உடலில் யாரும் சீரத்தைக் கொட்டுவதில்லை. இத்தனை கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டும்படி செய்வது எது?

முதல் விடை உணவு. எலிகள் இயல்பாக இரவில் உண்பவை. 2000ஆம் ஆண்டில் ஷிப்லர் குழுவினர் சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டும் உணவு வைத்தனர். சில நாட்களில் கல்லீரலின் கடிகாரம் 12 மணி நேரம் வரை இடம் மாறிவிட்டது. ஆனால் மூளையின் கடிகாரம் சிறிதும் அசையவில்லை. ஓர் உடலுக்குள்ளேயே மூளை ஒரு நேரத்தையும் கல்லீரல் வேறொரு நேரத்தையும் காட்டின! சிறுநீரகமும் இதயமும் கல்லீரலைவிட மெதுவாக மாறின.

இரண்டாவது விடை ஹார்மோன்கள். அண்ணீரகச் சுரப்பியின் ஹார்மோனைப் போன்ற ஒரு மருந்து கல்லீரல் போன்ற உறுப்புகளின் கடிகாரத்தைத் திருப்ப வல்லது என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது.

மூன்றாவது விடைதான் நம் வெப்பமானி காட்டும் ஏற்ற இறக்கம். உடல் வெப்பம் போல நாள்தோறும் மெல்ல ஏறி இறங்கும் வெப்பத்தைக் கிண்ணத்து உயிரணுக்களுக்குக் கொடுத்தால், அவற்றின் தாளம் கலையாமல் தொடர்கிறது என்று 2002இல் அவர்கள் காட்டினர். ஆனால் ஓர் உயிரணு இவ்வளவு சிறிய வெப்ப மாற்றத்தை எப்படி உணர்கிறது? இதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கி இத்தாலிக்குச் செல்ல வேண்டும்.

சூடேறிய பெட்டி

1960களின் தொடக்கத்தில் ஃபெருச்சியோ ரிதோசா என்னும் இத்தாலிய அறிஞர் பழ ஈக்களை ஆராய்ந்து வந்தார். பழ ஈயின் புழுப் பருவத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்கள் மிகப் பெரியவை. எந்த மரபணு வேலை செய்கிறதோ அந்த இடம் புடைத்து நிற்பது நுண்ணோக்கியில் தெரியும். ஒரு நாள் ஈக்களின் திசுக்களை வைத்திருந்த பெட்டியின் வெப்பத்தை வேறு யாரோ கூட்டிவிட்டார்கள். ரிதோசா பார்த்தபோது, வழக்கமாகப் புடைத்திருக்கும் இடங்களை விட்டுப் புதிய இடங்கள் புடைத்திருந்தன.

கெட்டுப்போன சோதனை என்று தூக்கி எறிந்திருக்கலாம். அவர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். வெப்பம் உயர்ந்தால் சில நிமிடங்களிலேயே சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று கண்டார். பெயர் பெற்ற ஓர் இதழ் இதில் முக்கியத்துவம் இல்லை என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1962இல் வேறோர் இதழில் அது வெளிவந்தது. அந்த மரபணுக்கள் செய்யும் புரதங்களை 1974இல் கண்டறிந்தவர்களுள் ஒருவர் ஆல்ஃபிரட் திசியேர். அவர் ஜெனீவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் ஷிப்லர் வந்து சேர்ந்ததும் அதே பல்கலைக்கழகத்துக்கே.

இந்தப் புரதங்களின் வேலை என்ன? முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு இறுகிவிடுகிறது அல்லவா? புரதங்களின் மடிப்பு வெப்பத்தால் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே காரணம். உயிரணுவுக்குள்ளும் அளவுக்கு மீறிய சூடு, நச்சு முதலியவற்றால் இதே ஆபத்து நேரும். அப்போது வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப்படும் இவை அவிழ்ந்த புரதங்களைத் தாங்கிப் பிடித்து மீண்டும் மடிய உதவுகின்றன. அவற்றின் மரபணுக்களை முடுக்கிவிடும் தலைமைப் புரதத்துக்கு எச்.எஸ்.எஃப். 1 என்று பெயர். சாதாரண வேளையில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களே இதைக் கட்டிவைத்திருக்கும். சிதைந்த புரதங்கள் பெருகினால், அவற்றைக் காக்க அந்தக் காவலர்கள் ஓடிவிடுவார்கள். கட்டவிழ்ந்த எச்.எஸ்.எஃப். 1 மூன்று மூன்றாகச் சேர்ந்து மரபணுக்களின்மேல் போய் அமரும். உயிரணுவின் அபாய மணி இதுதான்.

அபாய மணியே நேர மணி

2007இல் ஷிப்லர் குழுவினர் சுண்டெலியின் கல்லீரல் கடிகாரத்தை மட்டும் நிறுத்திப் பார்த்தனர். பெரும்பாலான மரபணுக்களின் தாளம் நின்றது. சில மட்டும் விடாமல் ஏறி இறங்கின. அவற்றில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் மரபணுக்களும் இருந்தன. 'பெர்' வகை மரபணு ஒன்றும் இருந்தது. கல்லீரலுக்கு வெளியிலிருந்து ஏதோ ஒரு செய்தி அவற்றுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது என்பது இதனால் புலப்பட்டது.

மறு ஆண்டு, 2008இல், ஹான்ஸ் ரைன்கேயும் உடன் உழைத்தவர்களும் வேறொரு வழியில் வலை வீசினர். நாளின் வெவ்வேறு நேரங்களில் எடுத்த கல்லீரல்களிலிருந்து புரதங்களைப் பிரித்து, பலவகைச் சிறு டி.என்.ஏ. துண்டுகளோடு சேர்த்து, எந்தத் துண்டில் எந்த நேரத்தில் எது ஒட்டுகிறது என்று பார்த்தனர். குறிப்பிட்ட எதையும் அவர்கள் தேடவில்லை. வலையில் சிக்கியது எச்.எஸ்.எஃப். 1! காய்ச்சலும் நச்சும் இல்லாத நலமான எலியில், இரவு தொடங்கும் வேளையில், அதாவது எலி விழித்து ஓடி உண்ணத் தொடங்கி அதன் உடல் சூடேறும் வேளையில், இந்த அபாய மணி நாள்தோறும் ஒலிக்கிறது. எச்.எஸ்.எஃப். 1 இல்லாமல் பிறந்த சுண்டெலிகளை இருட்டில் வைத்தால் அவற்றின் நாள் வழக்கத்தைவிட நீண்டுவிடுகிறது. ஆகவே, உயிரணுவைக் காக்கும் அமைப்பும் அதற்கு நேரம் சொல்லும் அமைப்பும் கைகோத்து நிற்கின்றன.

குளிர்ந்த வேளைக்கும் ஒரு தூதன் உண்டு. வெப்பம் சற்றுத் தணிந்தால் பெருகும் சிர்ப் என்ற புரதம், கடிகாரத்தின் ஓர் உறுப்பைச் செய்வதற்கான ஆர்.என்.ஏ. செய்தியைப் பிடித்து உதவுகிறது என்று 2012இல் இதே குழு கண்டது. அது இல்லாத உயிரணுக்களில் தாளத்தின் வீச்சு மங்கிப்போகிறது.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். வெப்பம் கூடினால் வேதிவினைகள் விரைவுபடும் என்று படித்திருக்கிறோம். காய்ச்சல் வந்தால் கடிகாரம் வேகமாக ஓடிவிடாதா? ஓடுவதில்லை. நிலையான வெப்பத்தில், அது 34 டிகிரியானாலும் 37 டிகிரியானாலும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதிகம் மாறுவதில்லை. வெப்பம் மாறும் அந்தத் தருணம் மட்டும் முட்களைத் தள்ளுகிறது. சுவர்க் கடிகாரத்தின் முள்ளை நாம் கையால் திருப்பலாம்; அதனால் அது ஓடும் வேகம் மாறிவிடுவதில்லை அல்லவா? மூளையின் கடிகாரமோ இந்த வெப்ப ஏற்ற இறக்கத்துக்கு எளிதில் அசைவதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் காட்டினர். அதன் நரம்பணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிணைத்து நிற்பதே காரணம். தான் எழுப்பும் மணியோசையால் தானே குழம்பிவிட்டால் தலைமைக் கடிகாரத்துக்கு அழகாகுமா?

முன்னறிவும் பின்னறிவும்

கல்லீரலுக்கு எதற்கு இவ்வளவு நேரக் கணக்கு? உண்ணும் உணவோடு வேண்டாத நச்சுகளும் வருகின்றன. அபாய மணி தீங்கு நேர்ந்தபின் ஒலிப்பது. கடிகாரமோ தீங்கு வரும் நேரத்தை முன்கூட்டியே அறிந்து ஆயத்தம் செய்வது. டி.பி.பி.யையும் அதன் உறவுப் புரதங்கள் இரண்டையும் சேர்த்து நீக்கிய சுண்டெலிகளைக் குழுவினர் வளர்த்தனர். அவற்றின் கல்லீரலில் நச்சை முறிக்கும் நொதிகள் குறைந்திருந்தன. சில மருந்துகளை அவற்றால் தாங்க முடியவில்லை. விரைவில் முதுமையும் அடைந்தன. இது 2006இல் வெளிவந்தது. 1990இல் அல்புமினைத் தேடியபோது அகப்பட்ட புரதத்தின் உண்மையான வேலை 16 ஆண்டுகள் கழித்து இவ்வாறு தெளிவாயிற்று.

2017இல் இன்னொரு வியப்பு. சுண்டெலியின் கல்லீரல் அது உண்ணும் இரவில் பருத்து, ஓய்வெடுக்கும் பகலில் சுருங்குகிறது. உயிரணுக்களின் அளவே மாறுகிறது. புரதம் செய்யும் ரைபோசோம்கள் இரவில் பெருகிப் பகலில் குறைவதே காரணம். உணவைப் பகலுக்கு மாற்றிவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடுகிறது.

இவை எலிகளிடம் கண்டவை. மனிதன் பகலில் இயங்குபவன். அவனுக்கு எல்லாம் தலைகீழ். ஆனால் அமைப்பு அதே அமைப்புதான். ஆலையில் இரவு முறை வேலை செய்யும் தொழிலாளி, மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலி, தொலைதூரப் பேருந்து ஓட்டுநர் ஆகியோரை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் மூளைக்கு ஒரு நேரத்தைச் சொல்ல, நள்ளிரவு உணவு கல்லீரலுக்கு வேறொரு நேரத்தைச் சொல்கிறது. உடலின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று பிணங்கும் நிலை இது. நாள்தாளத்தைக் குலைக்கும் முறை வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் வகைப்படுத்தியது. 2019இலும் அதையே உறுதி செய்தது. இரவில் யாரும் வேலை செய்யாமல் உலகம் நடவாது. எனவே, அவர்களுடைய பணி நேரத்தையும் உணவு நேரத்தையும் எப்படி அமைப்பது என்பது வெறும் ஆய்வுக்கூடக் கேள்வியன்று. கோடிக்கணக்கானோரின் உடல்நலத்தைப் பற்றிய கேள்வி.

மாணவர்களே, இக்கதையில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. ரிதோசாவின் பெட்டியும் ஷிப்லரின் கல்லீரலும் எதிர்பாராத எண்களைத் தந்தன. இருவரும் அவற்றை அழிக்கவில்லை. அடுத்த முறை உங்கள் செய்முறைக் குறிப்பேட்டில் ஓர் அளவீட்டை எழுதும்போது, பக்கத்தில் அதை எடுத்த நேரத்தையும், அன்றைய வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். இரண்டு நாள் அளவுகள் ஒத்துவராவிட்டால் ஒன்றை அடித்துவிடுமுன், அந்த நேரங்களைச் சற்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.